பாத்திரமும் பூமாலையும்: தஞ்சைச் சபைகளின் சாதி வழக்கு

திருச்சபை வரலாற்று வகுப்பில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றிப் பேசும் ஆண்டுகளிலெல்லாம் மாணவர் ஒருவராவது எழுந்து ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். "ஐயா, இவருடைய கீர்த்தனைகளை நாம் ஞாயிறுதோறும் ஆராதனையில் பாடுகிறோம். ஆனால் ஆலயத்தில் சாதி வேறுபாடு நீடிக்க வேண்டும் என்று இவர் வழக்காடினார் என்றும் தாங்களே கற்பிக்கிறீர்கள். இவரை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது?" கேள்வி நியாயமானது. அக்காலத்து மனிதர் அப்படித்தான் இருந்தார் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அல்லது பாட்டை வைத்துக்கொண்டு பாடியவரை மறந்துவிடலாம். இரண்டும் எளியவை, இரண்டும் போதகருக்குத் தகாதவை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவர் இதையே மறுபுறத்திலிருந்து கேட்டார். "சாதியை விலக்கும்படி கட்டளையிட்ட அதே தலைமுறை மிஷனெரிகள்தாமே பூமாலையையும் தமிழ் இசையையும் விலக்கினார்கள்? அப்படியானால் அவர்கள் காத்தது நற்செய்தியையா, தங்கள் நாட்டு வழக்கத்தையா?" அன்று அவருக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் செலுத்தவேண்டிய கடன் எனலாம்.

வரலாற்றைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்குதல் வேண்டும். 1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்குவும் புளூட்சௌவும் அங்கே கரையிறங்கினார்கள். 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில், அந்நாளைய ஆவணங்கள் சூத்திரக் கிறிஸ்தவர் என்று குறிப்பிடும் வேளாளர் முதலியோர் ஒரு பக்கத்திலும், பறைக் கிறிஸ்தவர் என்று குறிப்பிடும் ஒடுக்கப்பட்ட மக்கள் வேறு பக்கத்திலும் அமர்ந்தனர். ஒரே கூரை, ஒரே பிரசங்கம், ஒரே மன்றாட்டு. அமரும் இடம் மட்டும் வேறு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். சாதி என்பது குடிமை வாழ்வைச் சார்ந்த ஒழுங்கு, அது ஆத்தும இரட்சிப்பைத் தொடுவதன்று, வசனம் உள்ளே வேலை செய்யச் செய்ய அது தானே உதிரும் என்று அவர்கள் கருதினர். பாயை எங்கே விரிப்பது என்பதற்காக ஒருவன் கிறிஸ்துவைக் கேளாமல் போய்விடலாகாது என்னும் அக்கறையும் அவர்களுக்கு இருந்தது. அந்த அக்கறையை நான் எள்ளி நகையாட மாட்டேன். சபை நடத்தியவர் எவரும் நகையாட மாட்டார்.

ஆயினும், விட்டுக்கொடுத்த ஒன்று விட்ட இடத்திலேயே நிற்பதில்லை. பாயில் தொடங்கியது பீடத்திற்கு வந்து சேர இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆயிற்று. வந்து சேர்ந்த விதத்தைக் காட்டுவது இராஜநாயக்கனின் வரலாறு. மாணவர்கள் ஆரோனை நன்கு அறிவர்: கடலூரைச் சேர்ந்த வேளாளர், 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றவர், சீர்திருத்தத் திருச்சபையில் தமிழரான முதல் குரு. இராஜநாயக்கனை அறிந்தவர் மிகச் சிலர். அவர் 1700-இல் உரோமைச் சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், பறையர் குலத்தவர், தஞ்சை அரசரின் படையில் போர்வீரராய் இருந்தவர். சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பில் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அவர் கைக்கு வந்தன. அவற்றை வாசித்தே அவர் தரங்கம்பாடிச் சபையை நாடினார். படைத்தொழிலை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சை நாட்டில் அவரால் வளர்ந்த சபைகள் பல. ஐரோப்பியர் நுழைய இயலாத இடங்களில் அவர் நுழைந்தார். உறவினராலும் பிறராலும் பல துன்பங்களை ஏற்றார்.

ஆரோனுக்குப் பின் இரண்டாம் தமிழ்க் குருவைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தபோது இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவருடைய விசுவாசத்தையோ, வேத அறிவையோ, நடத்தையையோ ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர் கையால் திருவிருந்து பெற மேல்சாதிக் கிறிஸ்தவர் ஒப்பமாட்டார்கள் என்பதே தடையாய் நின்றது. 1741-இல் தியோகு என்பவர் குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே உழைத்து 1771-இல் இறந்தார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 1718-இல் கேட்கப்பட்ட கேள்வி, யார் எங்கே உட்காருவது என்பது. 1741-இல் எழுந்த கேள்வி, கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் யார் கையால் பெறுவது என்பது. முதற் கேள்விக்கு, 'இது குடிமைக் காரியம்' என்று விடை சொல்லியிருந்தமையால், இரண்டாம் கேள்விக்கும் அவ்விடையே போதுமானதாகத் தோன்றிற்று. திருவிருந்தின் தகுதி அதை வழங்கும் மனிதனுடைய தகுதியைச் சார்ந்ததன்று என்பது தொனாத்தியருக்கு எதிராக அகுஸ்தீன் நிலைநாட்டிய போதனை. அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் எட்டாம் பிரிவும் அதையே சொல்லுகிறது. தரங்கம்பாடி மிஷனெரிகள் அதை மனப்பாடமாக அறிந்தவர்கள். ஒழுக்கக் கேடனான குருவின் கையால் பெற்றாலும் திருவிருந்து திருவிருந்தே என்று கற்பித்தவர்கள், ஒழுக்கத்தில் குறையற்ற இராஜநாயக்கனின் கையால் பெற்றால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சும் நிலைக்கு வந்தனர். அவர்கள் எந்த விசுவாசப் பிரமாணத்தையும் மறுக்கவில்லை; ஒரு சொல்லையும் திருத்தவில்லை. அறிக்கை ஏட்டில் முழுமையாக இருந்தது. அதன் பயன் மட்டும் ஊராரின் முகத்தைப் பார்த்து நிறுத்திவைக்கப்பட்டது.

உலூத்தரன் திருச்சபை இத்தகைய சிக்கலை முன்னரே சந்தித்து விடையும் கண்டிருந்தது என்பது வியப்புக்குரியது. 1548-இல் பேரரசனின் நெருக்குதலால் சில சடங்குகளை ஏற்றுக்கொள்ளலாம், அவை கட்டளையிடப்படவும் இல்லை, விலக்கப்படவும் இல்லை என்று மெலாங்தன் முதலியோர் இணங்கியபோது, பிளாசியுஸ் எதிர்த்து நின்றார். விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய வேளையில், வேறு நாளில் பொருட்படுத்த வேண்டாத காரியமும் பொருட்படுத்த வேண்டியதாகிவிடும் என்பது அவருடைய வாதம். 1577-இல் உருவான ஒருமைப்பாட்டு விளக்க அறிக்கையின் பத்தாம் பிரிவு இக்கருத்தை ஏற்றது. இதைக் கையில் வைத்திருந்தவர்கள் இதைத் தரங்கம்பாடியில் எடுத்துப் பார்க்கவில்லை. நெருக்கியவன் பேரரசன் அல்லன், அண்டைவீட்டான் என்பதே காரணம் என நினைக்கிறேன். வாளோடு வருபவனை அடையாளம் காண்பது எளிது. மரியாதையோடு வந்து, 'எங்களுக்காக இதைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பவனிடம் நாம் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

தஞ்சைக்கு வருவோம். 1750-இல் தமிழகம் வந்த சுவார்ட்ஸ் ஐயர் பிற்காலத்தில் தஞ்சையை நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டு 1798 பிப்ரவரி 13-இல் அங்கேயே மறைந்தார். அரசரும் குடிகளும் ஆங்கிலேயரும் ஒருங்கே நம்பிய மனிதர் அவர். ஆயினும் சாதிக் காரியத்தில் அவர் தரங்கம்பாடியின் வழியையே பின்பற்றினார். அவர் வளர்த்த பிள்ளைகளுள் இருவர் தமிழ் வரலாற்றில் நிலைபெற்றனர். ஒருவர் அரசர் இரண்டாம் சரபோஜி. மற்றவர் 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, சிறுவனாகவே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேதநாயகம். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் கற்றுத் தஞ்சைப் பள்ளியில் ஆசிரியரான அவர், பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களால் கிறிஸ்தவ நெறியைத் தமிழ் யாப்பிலும் பண்ணிலும் அமர்த்தினார். நற்செய்தி தமிழனுக்கு அயல்மொழியன்று என்பதை அவரைப்போல் மெய்ப்பித்தவர் அந்நூற்றாண்டில் எவரும் இலர்.

அதே தஞ்சையில் நிகழ்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென் திருவிதாங்கூரில் மயிலாடி என்னும் ஊரைச் சேர்ந்த, ஒடுக்கப்பட்ட குலத்தவரான ஒருவர், சிதம்பரத்திற்குத் திருத்தல யாத்திரை சென்றவர், 1799-ஐ ஒட்டிய காலத்தில் தஞ்சையில் கோலாஃப் ஐயரிடம் நற்செய்தியைக் கேட்டு வேதமாணிக்கம் என்னும் பெயரால் ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பித் தம் மக்களுக்கு அறிவித்தார். அவருடைய வேண்டுகோளின் பயனாக 1806-இல் ரிங்கல்தௌபே அப்பகுதிக்குச் சென்றார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே நாடு நீங்கியபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுச் சென்றார். தஞ்சையின் மேல்சாதிச் சபையார் நடுவில் இராஜநாயக்கனுக்கு இயலாதது, தஞ்சையிலே வசனம் கேட்ட ஒருவருக்கு மயிலாடியில் இயன்றது. சாதி இன்றிச் சபை நடத்த இந்நாடு இன்னும் பக்குவப்படவில்லை என்ற வாதம் 1830-களில் எழுந்தபோது, மயிலாடியை நினைத்தவர் எத்தனை பேர்?

1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகள் வேறு வார்ப்பினர். பழைய மிஷன் 1825-ஐ ஒட்டி ஆங்கிலத் திருச்சபையின் நற்செய்தி பரப்பும் சங்கத்தின் கைக்கு மாறியிருந்தது. புதியவர்கள் ஆலயத்தில் அனைவரும் கலந்து அமர வேண்டும், ஒன்றாகத் திருவிருந்து பெற வேண்டும் என்றனர். சாஸ்திரியார் எதிர்த்தார், அப்பூசலில் மிஷன் ஊழியத்தையும் இழந்தார். சாதியைப் பற்றி 1829-இல் அவர் எழுதிய நூலில், புதிய மிஷனெரிகள் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் செய்த கொடுமைகள் நான்கு என்று எண்ணிச் சொல்லுகிறார். பெப்ரிசியுஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பை நீக்கிப் புதியதைப் புகுத்தியது ஒன்று. சாதிகளைக் கலக்க வற்புறுத்தியது ஒன்று. மங்கல நிகழ்ச்சிகளில் பூவை விலக்கியது ஒன்று. ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாடல்களையும் இசையையும் அகற்றியது ஒன்று.

இப்பட்டியலே இக்கட்டுரையின் நடுப்பொருள் என்று கொள்க. சாஸ்திரியாருக்கு இந்நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நான்கும் தம் முன்னோர் சுவார்ட்ஸ் ஐயரின் நிழலில் பெற்று வாழ்ந்த கிறிஸ்தவ வாழ்வின் பகுதிகள். நான்கையும் அயலார் பறிக்கிறார்கள். புதிய மிஷனெரிகளுக்கும் இவை ஒரே வகையைச் சேர்ந்தவையே: நான்கும் புறச்சமய நாட்டின் எச்சங்கள், அல்லது திருத்தப்படாத பழைமை. இரு திறத்தாரும் நேரெதிராக நின்று போராடினர். ஆனால் நான்கும் ஒரே மூட்டை என்பதில் இருவரும் ஒன்றுபட்டிருந்தனர். அந்த ஒற்றுமைதான் இவ்வழக்கைக் கெடுத்தது.

மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். பெப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பா, இரேனியுஸின் மொழிபெயர்ப்பா என்பது மொழித்திறமும் மூலநூல் அறிவும் கொண்டு தீர்க்கவேண்டிய காரியம். செவியில் ஊறிய சொல்லை இழப்பது சபைக்கு நோவு தரும்; அந்நோவை மதிக்காதவர் நல்ல மேய்ப்பர் அல்லர். ஆயினும் இரண்டில் எதை வாசித்தாலும் ஒருவன் கிறிஸ்துவை இழப்பதில்லை. பூவும் அவ்வாறே. இசையோ அதனினும் மேலானது. தமிழ்ப் பண்ணை விலக்கி ஆங்கில மெட்டை வைப்பவர் நற்செய்தியைக் காக்கவில்லை, தம் ஊரைக் கொண்டுவந்து வைக்கிறார். இம்மூன்றிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது என்று ஐயமின்றிச் சொல்லுவேன். நான்காவது அத்தகையதன்று. அது ஒருவனைக் கிறிஸ்துவின் பந்தியில் மற்றொருவனிடமிருந்து விலக்கி வைப்பது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை மாணவர்கள் இவ்விடத்தில் திறந்து வைத்துக்கொள்வது நலம். அந்தியோகியாவில் பேதுரு எந்தப் போதனையையும் மாற்றவில்லை. எருசலேமிலிருந்து வந்தவர்களின் முகத்துக்கு அஞ்சிப் புறவினத்தாரோடு உண்பதை நிறுத்தினார், அவ்வளவே. பவுல் அதைப் பந்தி ஒழுங்கு பற்றிய காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. நற்செய்தியின் சத்தியத்தைப் பற்றிய காரியமாகவே எடுத்துக்கொண்டு அனைவர் முன்பும் எதிர்த்தார். விருத்தசேதனம் இன்றி வந்தவன் இரண்டாம் பந்திக்குரியவன் என்றால், கிருபையினால் நீதிமானாதல் என்னும் போதனை அங்கே உண்ணும் பாயிலேயே மறுக்கப்பட்டுப் போகிறது.

சாஸ்திரியார் தரப்பின் வாதங்களை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. ஐரோப்பியருக்குள்ளே தகுதி வேறுபாடு இல்லையா? பிரபுக்களும் வேலையாட்களும் அவர்கள் நாட்டில் ஒரே வரிசையில் அமர்கிறார்களா? தங்கள் வேறுபாட்டை நாகரிகம் என்றும் எங்கள் வேறுபாட்டைப் பாவம் என்றும் சொல்வது எவ்வாறு? இக்கேள்வி அன்றைய மிஷனெரிகளின் நெஞ்சைச் சுட்டிருக்க வேண்டும். சுட்டதற்கான அடையாளம் அதிகம் இல்லை. ஆனால் இவ்வாதம் அவர்கள் குற்றத்தையும் நிரூபிக்கிறதேயன்றி, நம் குற்றத்தை நீக்கவில்லை. இரண்டு கடனாளிகள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டினால் கடன் தீர்வதில்லை.

1826-இல் ஹீபர் பேராயர் தஞ்சைக்கு வந்தார். இரக்கமுள்ள கவிஞர் அவர். வழக்கை இருபுறமும் கேட்டு, பொறுமையாகத் தீர்க்க விரும்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 3-இல் திருச்சியில் இறந்துபோனதால் அது முடிவுறாமல் நின்றது. 1832-இல் கல்கத்தாப் பேராயராகப் பொறுப்பேற்ற டேனியல் வில்சன் வேறு இயல்பினர். 1833 ஜூலை 5-ஆம் நாளிட்ட அவருடைய நிருபம் தென்னாட்டுச் சபைகளுக்கு வந்தது. சாதி வேறுபாடு சபைகளில் தாமதமின்றி, மீளாதபடி ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். ஆலயத்தில் அமர்வதிலும், திருவிருந்து பெறுவதிலும், ஞானப் பெற்றோரைத் தெரிந்துகொள்வதிலும், அடக்கம் செய்யும் இடத்திலும் வேறுபாடு கூடாது என்று அது குறிப்பாக வரையறுத்தது. இந்த வரையறையைக் கவனியுங்கள். ஊருக்குள் யார் எந்தத் தொழில் செய்வது, யாருக்கு யார் பெண் கொடுப்பது என்பவற்றில் அது முதற்கண் கைவைக்கவில்லை. தொட்டி, பீடம், கல்லறை ஆகிய மூன்றையும் பற்றிக்கொண்டது. ஒருவன் கிறிஸ்துவுக்குள் பிறந்து, போஷிக்கப்பட்டு, உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கும் இடங்கள் அவை. அவற்றில் பிரிவினை இருக்குமாயின், பிரிவினை புறத்தே இருக்கிறது என்று யாரும் சொல்ல இயலாது. தரங்கம்பாடியார் நூறாண்டுக்கு மேலாகக் காணத் தவறிய எல்லைக்கோட்டை வில்சன் சரியாகக் கண்டார் என்பதே என் தீர்ப்பு.

கண்டதைச் செயற்படுத்திய விதமோ வேறு. சபையாரைக் கூட்டிப் பேசி, வேதத்தை விரித்து, காலம் கொடுத்து வழிநடத்த வேண்டியதை, கல்கத்தாவிலிருந்து வந்த தாளை வாசித்து முடிக்கலாம் என்று கருதினர். 1834-இல் வேப்பேரியில் நிருபம் வாசிக்கப்பட்டபோது சூத்திரக் கிறிஸ்தவரில் மிகப் பெரும்பாலோர் வெளியேறினர். தஞ்சையிலும் திருச்சியிலும் அதே கதை. 1835-இன் தொடக்கத்தில் பேராயர் தாமே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். திருச்சியில் ஐரோப்பியரும், வேளாளரும், ஒடுக்கப்பட்டோரும் வேறுபாடின்றிக் கலந்து திருவிருந்து பெற்றனர். அந்த நாளை நினைத்துப் பார்க்கும்போது, முதன்முறையாக முன்வரிசைப் பாயில் அமர்ந்த ஒரு தாயின் மனநிலையை யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றும். மிஷனெரிகள் எழுதினர், வெளியேறியவர்கள் விண்ணப்பம் எழுதினர், அவள் எழுதவில்லை. நம்முடைய ஆவணங்கள் அவ்வாறு அமைந்தவை.

வெளியேறியவர்களில் பலர் பின்னர் உலூத்தரன் மிஷனில் புகலிடம் கண்டனர். 1840-இல் டிரெஸ்டன் மிஷன் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பியது. 1848-இல் அம்மிஷனின் தலைமை லைப்சிக் நகருக்கு மாறியது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல், 1849 முதல் 1853 வரை இப்பக்கங்களில் சுற்றி நேரில் ஆராய்ந்த கல்விமான். சாதியைச் சட்டத்தால் ஒழிக்கக் கூடாது, நற்செய்தி உள்ளிருந்து மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. தஞ்சையில் ஆங்கிலத் திருச்சபை மிஷனெரியாய் இருந்த ஜி. யு. போப், இக்கொள்கையால் தம் சபையார் இழுத்துக்கொள்ளப்படுவதைக் கண்டு கொதித்து, 1853-இல் உலூத்தரன் மிஷனெரிகளைத் தாக்கி நூல் எழுதினார். திருக்குறளை ஜெர்மன் மொழிக்குத் தந்தவர் கிரௌல். ஆங்கிலத்திற்குத் தந்தவர் போப். பிறப்பொக்கும் என்று சொன்ன நூலை ஆராய்ந்த இரு பெரும் அறிஞர்கள் தஞ்சைச் சாதி வழக்கில் எதிரெதிர் அணியில் நின்றார்கள் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

கிரௌலின் கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடு, லைப்சிக் நீங்கலாக ஏனைய சீர்திருத்த மிஷன்கள் சார்பில் ஒரு சோதனையை வகுத்தது: ஒடுக்கப்பட்ட குலத்தவர் சமைத்த உணவை உண்ண மனமில்லாதவர் சாதியை விட்டவராகக் கருதப்படார். ஒரு கவளச் சோற்றை விசுவாசத்தின் அளவுகோலாக்கினால், அன்றைக்கு உண்டு மறுநாள் வீட்டில் தீட்டுக் கழிக்கும் மாய்மாலத்திற்கு அது இடந்தரும். கிருபைக்குரிய இடத்தில் புதியதொரு பிரமாணம் ஏறி அமரும். இதைக் கிரௌல் எச்சரித்தது சரியே. அவர் தவறியது வேறிடத்தில். காத்திருக்கலாம் என்று சொன்னவர் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர் அல்லர். அதைக் கொடுத்தவர் இராஜநாயக்கன். முப்பது ஆண்டுகள் காத்திருந்தார், இறந்தார். அவருக்குப் பின் வசனம் தானே வேலை செய்யும் என்று எதிர்பார்த்த எண்பது ஆண்டுகளும் கழிந்திருந்தன. லைப்சிக் மிஷனுக்குள்ளேயே இதைப் பொறுக்காதவர்கள் இருந்தனர். ஓக்ஸ் என்னும் மிஷனெரி சாதிக் காரியத்தின் பொருட்டே அம்மிஷனை விட்டுப் பிரிந்து, 1860-களில் டேனிஷ் மிஷனுக்காகப் பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார்.

என் மாணவருக்கு நான் அன்றே காட்டியிருக்க வேண்டிய விடை மதுரையில் இருந்தது. அமெரிக்கன் மதுரை மிஷன் சாதிக் காரியத்தில் எவரினும் கடுமையானது. 1847-இல், பொதுப் பந்தியில் உண்ண மறுத்த ஊழியர் பலரை அது பணியிலிருந்து நிறுத்தியது. பள்ளிகளும் சபைகளும் ஆளின்றித் தவிக்கும் என்று தெரிந்தே நிறுத்தியது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர்தாம் தமிழ்ச் சபைகள் ஆங்கில மெட்டுகளில் பாடத் திணறுவதைக் கண்டு, முதியவரான சாஸ்திரியாரை நாடினார். அவருடைய பாடல்களையே பெரும்பான்மையாகக் கொண்டு 1853-இல் ஆராதனைக்கான கீர்த்தனை நூலை வெளியிட்டார். சாதியை ஒரு விரற்கடையும் பொறுக்காத மிஷன், சாதிக்காக வழக்காடிய கவிராயரின் பாடலை இரு கையேந்தி வாங்கிற்று. தஞ்சையில் ஒருவருக்கும் அவிழாத மூட்டை அங்கே அவிழ்ந்தது. வெப் தம் மிஷனின் தீர்மானத்தைத் தளர்த்தவில்லை. சாஸ்திரியாரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1864-இல் அவர் தஞ்சையில் இறந்தார்.

அவர் எண்ணிய நான்கில் மூன்று வழக்குகள் அவர் பக்கமே தீர்ந்துவிட்டன. கீர்த்தனைகள் எல்லாச் சபைகளின் பாட்டுப் புத்தகங்களிலும் உள்ளன. மாலையின்றி நடக்கும் திருமணத்தை இன்று எந்தச் சபையிலும் நான் கண்டதில்லை. பெப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பை உலூத்தரன் சபையார் இருபதாம் நூற்றாண்டிலும் விடாது வாசித்தனர்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் என்னை அனுப்பிய சேகரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. ஊரையோ சேகரத்தையோ சொல்ல வேண்டியதில்லை. வாசிப்பவர் தமக்குத் தெரிந்த ஊரை நினைத்துக்கொள்ளலாம். இடுப்பளவு உயரமுள்ள சுவர் ஒன்று அதன் நடுவே ஓடியது. இரு பக்கத்துக்கும் தனித்தனி வாயில். முதல் மாதத்திலேயே இரு பக்கத்திலும் ஒவ்வோர் அடக்கம் நடந்தது. இரண்டிலும் நான் ஒரே ஆராதனை முறையை வாசித்தேன். இரண்டிலும் மக்கள் சாஸ்திரியாரின் ஒரே கீர்த்தனையைக் கண்ணீரோடு பாடினார்கள். சுவரைப் பற்றிச் சபைக்குழுவில் பேச்செடுத்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் மிக்க பணிவோடு, "ஐயர் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். இது சபைக் காரியம் அல்ல, ஊர்க் காரியம். எங்களுக்காகச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நானும் பொறுத்துக்கொண்டேன். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாற்றலாகிப் புறப்பட்ட வாரத்தில் அந்தச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள்; அதற்கான செலவுச் சீட்டில் என் கையொப்பம் இருக்கிறது.